“தீர்க்கதரிசி யாரைக்குறித்து இதைச் சொல்லுகிறார்?” – சிலுவைச் சாவும் பழைய வாக்குகளும்: ஓர் எளிய அறிமுகம்

எருசலேமிலிருந்து காசாவுக்கு இறங்கும் சாலையில் ஒரு தேர் போய்க்கொண்டிருக்கிறது. அதில் இருப்பவர் எத்தியோப்பியரின் அரசி கந்தாகேயின் கருவூலம் முழுவதற்கும் பொறுப்பாளர். (அக்காலத்தில் எத்தியோப்பியா என்றது நைல் நதியோரம் இன்றைய சூடான் இருக்கும் பகுதியை.) எருசலேமுக்கு வழிபட வந்துவிட்டு ஊர் திரும்புகிறார். கையில் ஏசாயா தீர்க்கதரிசியின் சுருள். அந்நாளில் தனியாகப் படிப்பவர்கள்கூடப் பலநேரம் வாய்விட்டே படிப்பார்கள். அதனால் தேரை நோக்கி ஓடிவந்த பிலிப்பு என்ற கிறிஸ்தவ ஊழியருக்கு அவர் எந்த இடத்தைப் படிக்கிறார் என்பது காதில் விழுந்துவிடுகிறது. “வாசிப்பது விளங்குகிறதா?” என்று பிலிப்பு கேட்கிறார். “யாராவது சொல்லித் தராவிட்டால் எப்படி விளங்கும்?” என்று சொல்லி, அவரைத் தேரில் ஏற்றிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார் அந்த அதிகாரி.

அவர் படித்துக்கொண்டிருந்தது, வெட்டக் கொண்டுபோகும் ஆட்டைப் போல வாய் திறவாமல் சாவுக்குப் போன ஒருவரைப் பற்றிய பகுதி. அதிகாரியின் கேள்வி நேரானது: “தீர்க்கதரிசி யாரைக்குறித்து இதைச் சொல்லுகிறார்? தம்மைக்குறித்தோ, வேறொருவரைக்குறித்தோ?”

அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் வரும் காட்சி இது. கிறிஸ்தவர்கள் ஏன் ஒரு மரண தண்டனையை நற்செய்தி என்கிறார்கள், அதற்கும் பல நூற்றாண்டு பழைய எழுத்துகளுக்கும் என்ன தொடர்பு என்று யாராவது என்னிடம் கேட்டால், அந்தத் தேரிலிருந்துதான் தொடங்குவேன். தேரில் இருந்த அதிகாரி படித்தவர், பக்தியுள்ளவர். ஆனாலும் அவருக்கு அந்தப் பகுதி தானாக விளங்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

நம்பிக்கையின் சாரம் இது: இஸ்ரவேலின் வேதங்கள் எதிர்நோக்கியிருந்த மீட்பர் நாசரேத்து இயேசு, ரோமர்கள் அவரைச் சிலுவையில் கொன்றது மனிதரின் பாவத்தைத் தீர்க்கும் பலியாக அமைந்தது, மூன்றாம் நாள் கடவுள் அவரை உயிரோடு எழுப்பினார். கி.பி. 50களின் நடுவில், அதாவது இயேசு இறந்து ஏறக்குறைய 25 ஆண்டுகளில், அப்போஸ்தலர் பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய கடிதத்தில் இதே சாரம் இருக்கிறது: “கிறிஸ்துவானவர் வேதவாக்கியங்களின்படி நமது பாவங்களுக்காக மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, வேதவாக்கியங்களின்படி மூன்றாம்நாளில் உயிர்த்தெழுந்து…” இது தானே ஆக்கியதல்ல, தான் பெற்றுக்கொண்டதையே ஒப்படைப்பதாகவும் சொல்கிறார். ஆகவே இந்த வாசகம் அந்தக் கடிதத்தைவிடப் பழையது.

“வேதவாக்கியங்களின்படி” என்ற சொல் இத்தனை சிறிய அறிக்கையில் இரண்டு முறை வருகிறது. அன்று புதிய ஏற்பாடு என்று ஒரு நூல் கிடையாது. யூதர்களின் வேதத்தை, கிறிஸ்தவர்கள் பிறகு பழைய ஏற்பாடு என்று அழைத்த அதே தொகுப்பைத்தான் பவுல் சொல்கிறார். அந்த வேதத்தின் எந்த இடத்தில், எந்த அர்த்தத்தில், என்பதுதான் நம் பொருள்.

இரண்டு சொற்கள்

முதலில் ‘தீர்க்கதரிசி’. தொலைவைப் பார்ப்பவர் என்று பொருள்படும் வடமொழிச் சொல் இது. இதைக் கேட்டதும் நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்பவர் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். கத்தோலிக்கர் பயன்படுத்தும் ‘இறைவாக்கினர்’ என்ற சொல், எபிரெய ‘நபி’யின் உட்பொருளுக்கு இன்னும் நெருக்கமானது என்பது என் கருத்து: கடவுளின் வாக்கை மக்களுக்கு எடுத்துரைப்பவர். அவர்கள் அரசர்களைக் கண்டித்தார்கள், ஏழைகளை நசுக்குவோரைச் சபித்தார்கள், அடிமைப்பட்டவர்களைத் தேற்றினார்கள். வரப்போவதைப் பற்றிப் பேசியதெல்லாம் அந்தக் கண்டனத்துக்கும் ஆறுதலுக்கும் உள்ளேயே வருகிறது.

அடுத்தது ‘மேசியா’. எபிரெயத்தில் ‘எண்ணெய் வார்த்து அபிஷேகம் செய்யப்பட்டவர்’. அதன் கிரேக்க வடிவம்தான் ‘கிறிஸ்து’. ஆக ‘இயேசு கிறிஸ்து’ என்பதில் பின்பாதி பெயரல்ல, பட்டம். இஸ்ரவேலில் அரசர்களும் ஆசாரியர்களும் (பலி செலுத்தும் குருக்களும்) அபிஷேகம் பெற்றார்கள். பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்கள் வீடு திரும்ப வழிவிட்ட பாரசீக மன்னன் கோரேசுவைக்கூட ஏசாயா 45 அப்படித்தான் அழைக்கிறது. இயேசுவின் காலத்தில், பழைய பேரரசர் தாவீதின் வழியில் ஓர் அரசர் வந்து நாட்டை அந்நியப் பிடியிலிருந்து விடுவிப்பார் என்ற ஏக்கம் பலரிடமும் இருந்தது. மேசியா என்றதும் பெரும்பாலோர் மனதில் எழுந்தது சிம்மாசனம். சிலுவை யாருக்கும் தோன்றவில்லை.

பலி: முதலில் தீர்க்க வேண்டிய குழப்பம்

இன்றைய வாசகரை அதிகம் தடுக்கும் சொல் ‘பலி’. கோபமான தெய்வத்துக்கு இரத்தம் கொடுத்துச் சமாதானப்படுத்துவது என்ற சித்திரம் உடனே வந்துவிடுகிறது. பழைய ஏற்பாட்டில் பலி பலவகை. நன்றிக்காக ஒன்று, உறவைக் கொண்டாடிச் சேர்ந்து உண்ண ஒன்று, குற்றம் தீர ஒன்று. இவற்றில் இரண்டைத் தெரிந்துகொண்டால் சிலுவையைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் பேசும் மொழி திறந்துகொள்ளும்.

ஒன்று பஸ்கா. எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரவேலர் புறப்பட்ட இரவு. ஒவ்வொரு குடும்பமும் பழுதற்ற, ஒரு வயதுள்ள கடா ஒன்றை மாதத்தின் 10ஆம் நாளில் தெரிந்துகொண்டு, 14ஆம் நாள் சாயங்காலம் அடித்து, அதன் இரத்தத்தை வாசலின் நிலைக்கால்கள் இரண்டிலும் மேற்சட்டத்திலும் பூச வேண்டும். இறைச்சியை நெருப்பில் சுட்டு, புறப்படத் தயாரான கோலத்தில் அவசரமாக உண்ண வேண்டும். எலும்பு ஒன்றும் முறிக்கப்படக் கூடாது. சாவு அந்த வீடுகளைக் கடந்து போயிற்று, மக்கள் விடுதலையாகி நடந்தார்கள் என்கிறது யாத்திராகமம் 12. பஸ்கா ஆடு பாவத்துக்காக அல்ல, விடுதலைக்காக அடிக்கப்பட்டது என்பது இங்கே முக்கியம். இதைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒருமுறை வரும் பாவநிவாரண நாள். லேவியராகமம் 16 அதை விரிவாக விவரிக்கிறது. இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களை நிறுத்திச் சீட்டுப் போடுவார்கள். ஒன்றைப் பலியிட்டு, அதன் இரத்தத்தைப் பிரதான ஆசாரியர் திரைக்கு அப்பாலுள்ள மகா பரிசுத்த இடத்துக்குள் கொண்டுபோவார். மற்றதன் தலையில் தம் இரு கைகளையும் வைத்து, மக்களின் அக்கிரமங்கள் அனைத்தையும் அறிக்கையிடுவார். பிறகு அந்த ஆடு பாவச் சுமையோடு ஆளில்லாத வனாந்தரத்துக்கு ஓட்டிவிடப்படும். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு அதற்கு ‘போக்காடு’ என்று பெயர் வைத்திருக்கிறது. போகவிடப்படும் ஆடு, பாவத்தைப் போக்கும் ஆடு என்றும் அந்தச் சொல் ஒலிக்கிறது. எவ்வளவு பொருத்தமான சொல்!

இதில் இரத்தம் எதற்கு? “மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது” என்று லேவியராகமம் 17 விடை சொல்கிறது. இரத்தம் என்றால் உயிர். உறவு முறிந்த இடத்தில் ஓர் உயிர் கொடுக்கப்பட்டு அந்த இடம் சுத்தமாகிறது. அந்த இரத்தத்தையும் கடவுளே “உங்களுக்குக் கட்டளையிட்டேன்”, அதாவது கொடுத்தேன், என்கிறார். மனிதர் கடவுளுக்குத் தரும் லஞ்சமாக அல்ல, கடவுள் மனிதருக்குத் தரும் வழியாகப் பலி அங்கே பேசப்படுகிறது. இதை லஞ்சமாக ஆக்கிக்கொண்டவர்களைத் தீர்க்கதரிசிகளே கடுமையாகச் சாடினார்கள். ‘பலியையல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன்’ என்ற ஓசியாவின் வாக்கை இயேசுவும் எடுத்துச் சொன்னார்.

சாவு முதலில் வந்தது

என் முதல் வாசிப்புகளில் நான் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன். பழைய நூல்களில் முன்னறிவிப்புகளின் பட்டியல் ஒன்று இருந்தது, சீடர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு இயேசுவின் வாழ்வில் ஒவ்வொன்றாக டிக் அடித்தார்கள் என்று நினைத்தேன். நற்செய்தி நூல்கள் (இயேசுவின் வாழ்வைச் சொல்லும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய நான்கு) சொல்லும் கதை அப்படி இல்லை.

பொந்தியு பிலாத்து யூதேயாவின் ஆளுநராக இருந்தது கி.பி. 26 முதல் 36 வரை. இயேசு சிலுவையில் அறையப்பட்டது அதற்குள். 30 அல்லது 33 என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். கிறிஸ்தவர் மேல் எந்தப் பரிவும் இல்லாத ரோம வரலாற்றாசிரியர் தாசித்தஸும் பிலாத்துவின் கையில் கிறிஸ்து கொல்லப்பட்டதைக் குறிப்பிடுகிறார். சிலுவை என்பது அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் ரோம் வைத்திருந்த தண்டனை. வலியோடு அவமானமும் சேர்த்தே திட்டமிடப்பட்டது. யூதர்களுக்கு அதற்கும் மேல் ஒரு துயரம்: மரத்தில் தூக்கப்பட்டவன் கடவுளால் சபிக்கப்பட்டவன் என்கிறது உபாகமம் 21.

ஆகவே இயேசு இறந்ததும் சீடர்கள், ‘ஆஹா, எழுதியிருந்தபடியே நடந்தது’ என்று மகிழவில்லை. ஓடினார்கள். கதவைப் பூட்டிக்கொண்டார்கள். எம்மாவு என்ற ஊருக்கு நடந்துபோன இருவர் வழியில் சேர்ந்துகொண்ட அந்நியரிடம் புலம்பியதை லூக்கா 24 பதிவு செய்கிறது: இஸ்ரவேலை மீட்பவர் அவரே என்று நம்பியிருந்தோம். ‘நம்பியிருந்தோம்’ என்ற இறந்தகாலத்தில் அவர்களுடைய முழுத் துக்கமும் இருக்கிறது. இப்படிப்பட்ட எதிர்பார்ப்பு, நம்பியவர் கொல்லப்பட்டால் அங்கேயே முடிந்துவிடுவதுதான் வழக்கம். நூறாண்டு கழித்து, 132இல் ரோமுக்கு எதிராக எழுந்த பார் கோக்பாவை மேசியா என்றே ஏற்றவர்கள் இருந்தார்கள். 135இல் அவர் மாண்டதோடு அந்த நம்பிக்கையும் மாண்டது.

இயேசுவின் விஷயத்தில் ஏன் முடியவில்லை? அவரை உயிரோடு கண்டோம் என்று அவர்கள் சாட்சி சொன்னார்கள். எம்மாவு வழியில் வந்த அந்நியர் உயிர்த்தெழுந்த இயேசுவே. கிறிஸ்து இவ்விதமாய்ப் பாடுபட வேண்டியதில்லையா என்று கேட்டு, மோசே முதல் எல்லாத் தீர்க்கதரிசிகளும் எழுதியதை அவர்களுக்கு அவர் விளக்கினார் என்கிறார் லூக்கா. நடந்தது முன்னால் நிற்க, அந்த வெளிச்சத்தில் பழைய எழுத்துகளைத் திரும்ப வாசித்தார்கள். எத்தனையோ முறை ஜெப ஆலயத்தில் கேட்ட வரிகள், இதுவரை கேட்காத குரலில் பேசத் தொடங்கின. கிறிஸ்தவ நம்பிக்கையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டிய நூலிழை இந்தத் திரும்ப வாசித்தல்தான்.

‘நிறைவேறுதல்’ என்றால்

தமிழில் இந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: நிறைவு, ஏறுதல். பாத்திரத்தில் நீர் ஏறி விளிம்பைத் தொடுவது போல. நற்செய்தி நூல்களில் உள்ள கிரேக்கச் சொல்லுக்கும் ‘நிரப்புதல்’ என்பதே அடிப்படைப் பொருள். முன்சொன்னது அப்படியே நடப்பது அதில் ஒரு வகை மட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. குழந்தை இயேசுவை எகிப்துக்குக் கொண்டுபோய்த் திரும்பியதைச் சொல்லும்போது, “எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்” என்ற தீர்க்கதரிசன வாக்கு நிறைவேறியது என்கிறார் மத்தேயு. ஓசியா 11ஐத் திறந்து பார்த்தால் அந்த வரி எதிர்காலத்தைப் பற்றியதே அல்ல. இஸ்ரவேல் குழந்தையாயிருந்தபோது நான் நேசித்தேன், எகிப்திலிருந்து அழைத்தேன் என்று கடவுள் நடந்ததை நினைத்துப் பேசுகிறார். மத்தேயுவுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். தம் யூத வாசகர்களுக்கும் தெரியும் என்று தெரிந்தே எழுதுகிறார். இஸ்ரவேல் நடந்த பாதையை இயேசு மறுபடி நடக்கிறார். அவர்கள் இடறிய இடத்தில் இவர் நிற்கிறார். அந்தக் கதை இவரில் விளிம்புவரை நிரம்புகிறது. இதுதான் அவர் சொல்ல வருவது.

இப்படிப்பட்ட தொடர்புக்கு வேதாகமத்தில் உள்ள சொல் ‘நிழல்’. பழைய பண்டிகைகளும் ஓய்வுநாட்களும் வரப்போகிறவற்றின் நிழல், பொருள் கிறிஸ்துவினுடையது என்று கொலோசெயர் நிருபம் (கடிதம்) சொல்கிறது. நிழல் பொய்யல்ல, ஆள் வருகிறார் என்பதற்கு அடையாளம், அவருடைய வடிவத்தின் கோடு. பஸ்கா ஆடு அப்படி ஒரு நிழல். யோவான் நற்செய்தியில், இயேசுவைக் கண்ட யோவான்ஸ்நானன் (ஞானஸ்நானம் கொடுத்துவந்த தீர்க்கதரிசி) சொல்லும் முதல் வார்த்தை, “இதோ, உலகத்தின் பாவத்தைச் சுமந்து தீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி.” அதே நற்செய்தி, பஸ்காவுக்கு ஆயத்தம் செய்யும் நாளிலேயே இயேசு சிலுவையில் அறையப்பட்டதாகச் சொல்கிறது, அவருடைய கால் எலும்புகளைப் படைவீரர் முறிக்காமல் விட்டதையும் பஸ்கா விதியோடு இணைக்கிறது. பஸ்கா விடுதலைக்கான ஆடு, போக்காடு பாவத்தைச் சுமக்கும் ஆடு என்று மேலே பார்த்தோம். யோவான்ஸ்நானனின் ஒரே வாக்கியத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

சங்கீதம் 22 இன்னொரு வகை. “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?” என்று தொடங்கும் புலம்பல் பாட்டு அது. ‘வரப்போகிறது’ என்று எதையும் அது அறிவிக்கவில்லை. சூழ்ந்து நின்று கேலி செய்யும் கூட்டம், தலையாட்டும் பகைவர், வறண்டுபோன நாவு, “என் வஸ்திரங்களைத் தங்களுக்குள்ளே பங்கிட்டு, என் உடையின்பேரில் சீட்டுப்போடுகிறார்கள்” என்ற வரி. சிலுவையில் தொங்கிய இயேசு அதன் முதல் வரியை அரமேய மொழியில் கதறினார் என்று மத்தேயுவும் மாற்குவும் எழுதுகிறார்கள். துன்பப்பட்ட எல்லோரின் பாட்டையும் அவர் தம் பாட்டாக எடுத்துக்கொண்டார். அந்தப் பாட்டு கைவிடப்பட்ட குரலில் தொடங்கி, பூமியின் எல்லைகளெல்லாம் கடவுளிடம் திரும்பும் என்ற துதியில் முடிகிறது என்பதையும் முழுதாக வாசிப்பவர்கள் காண்பார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அதே சங்கீதத்தின் 16ஆம் வசனத்தில் “என் கைகளையும் என் கால்களையும் உருவக் குத்தினார்கள்” என்று நம் மொழிபெயர்ப்பு சொல்கிறது. வழிவழியாக வந்த எபிரெய மூலத்தில் அங்கே ‘சிங்கத்தைப் போல’ என்று இருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ‘துளைத்தார்கள்’ என்ற பொருளில் வாசிக்கிறது. சிலுவைக்கான பெரிய சான்றாகப் பலர் இதைக் காட்டுகிறார்கள். புதிய ஏற்பாடு இந்தச் சங்கீதத்தைப் பலமுறை எடுத்தாண்டும் இந்த ஒரு வரியை எங்கும் மேற்கோள் காட்டவில்லை. விவாதத்துக்குரிய ஒரு சொல்லின் மேல் நம்பிக்கையின் பாரத்தை ஏற்ற வேண்டிய தேவை இல்லை.

ஏசாயா 53

இப்போது அந்தத் தேரில் விரிந்திருந்த சுருளுக்கு வருவோம். ஏசாயா நூலின் 40ஆம் அதிகாரத்துக்குப் பிறகு ‘கர்த்தரின் தாசன்’ என்று ஒருவர் மீண்டும் மீண்டும் வருகிறார். அவரைப் பற்றிய கடைசிப் பெரிய பாடல் 52:13இல் தொடங்கி 53ஆம் அதிகாரத்தின் முடிவுவரை போகிறது. பதினைந்து வசனங்கள்தான்.

அதில் பேசுவோர் முதலில் தங்கள் தவறான எண்ணத்தை ஒப்புக்கொள்கிறார்கள். அவருக்கு அழகில்லை, அசட்டைபண்ணப்பட்டார், நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். கடவுளே அவரை அடித்தார் என்று நினைத்தோம். பிறகு பாட்டு திரும்புகிறது: “நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டு, நம்முடைய அக்கிரமங்களினிமித்தம் அவர் நொறுக்கப்பட்டார்.” அவர் வாய் திறக்கவில்லை. அநியாயமாகக் கொல்லப்பட்டு, துன்மார்க்கரோடு எண்ணப்பட்டார். அவருடைய உயிர் ‘குற்றநிவாரணபலி’ ஆகிறது. ஆட்டுக்கு லேவியராகமம் பயன்படுத்தும் அதே சொல் இங்கே ஒரு மனிதருக்கு வருகிறது. மனிதரைப் பலியிடுவதை அருவருக்கும் ஒரு வேதத்தில் இது திடுக்கிட வைக்கும் சொல். கடைசியில், இறந்த அவர் தம் வருத்தத்தின் பலனைக் கண்டு திருப்தியாவார் என்று முடிகிறது பாட்டு.

இந்தப் பாட்டு இயேசுவுக்குப் பிறகு எழுதிச் சேர்க்கப்பட்டதோ என்ற ஐயத்துக்கு இடமில்லை. 1947இல் சாக்கடலோரம் கும்ரானுக்கு அருகே ஒரு குகையில் கிடைத்த சுருள்களில் ஏசாயா நூல் ஏறக்குறைய முழுமையாக இருந்தது. 7 மீட்டருக்கும் மேல் நீளம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பிரதி எடுக்கப்பட்டது என்று கணித்திருக்கிறார்கள். அதில் 53ஆம் அதிகாரம் முழுதும் இருக்கிறது. மூலப்பாடல் அதற்கும் பல நூற்றாண்டு முந்தியது: மரபு கி.மு. 8ஆம் நூற்றாண்டு ஏசாயாவைச் சொல்கிறது, பல ஆய்வாளர்கள் 6ஆம் நூற்றாண்டின் பாபிலோன் சிறையிருப்புக் காலத்தைச் சொல்கிறார்கள்.

யார் அந்தத் தாசன் என்பதில்தான் கருத்து பிரிகிறது. யூத மரபில் பரவலான விடை: இஸ்ரவேல் மக்களே. 11ஆம் நூற்றாண்டின் பெரும் உரையாசிரியர் ராஷி இப்படித்தான் விளக்கினார். அதற்கு வலுவான ஆதாரம் அதே நூலில் இருக்கிறது. “நீ என் தாசன்” என்று இஸ்ரவேலைப் பெயர் சொல்லியே அழைக்கும் இடங்கள் முந்தைய அதிகாரங்களில் உண்டு. பல தேசங்களின் கையில் அடிபட்ட ஒரு மக்கள் இந்தப் பாட்டில் தங்கள் முகத்தைக் காண்பதை அலட்சியமாகத் தள்ளிவிட ஒரு கிறிஸ்தவருக்கு உரிமை இல்லை என்று நான் நினைக்கிறேன். கிறிஸ்தவ வாசிப்பு இன்னொன்றைக் கவனிக்கிறது: இந்தத் தாசன் தன் மக்களுக்காகவே அடிக்கப்படுகிறார், குற்றமே செய்யாதவராக இருக்கிறார், அதனால் இஸ்ரவேலின் அழைப்பை ஒற்றை ஆளாக ஏற்று நிற்கும் ஒருவர் தேவைப்படுகிறார்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு தனி வசதி இருக்கிறது. எபிரெயத்தில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாடு கிடையாது; இரண்டுக்கும் ஒரே சொல். மொழிபெயர்ப்பவர் தமிழில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். பாட்டில் பேசுவது இஸ்ரவேலின் துன்பத்தைக் கண்டு வியக்கும் அந்நிய அரசர்கள் என்று கொண்டால், ‘எங்களுடைய மீறுதல்கள்’ என்று வரலாம். நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘நம்முடைய’ என்று எழுதினார்கள். அந்த ஒரு சொல்லிலேயே வாசிப்பவரும் பாட்டுக்குள் இழுக்கப்பட்டுவிடுகிறார். “நாமெல்லாரும் ஆடுகளைப்போல வழிதப்பித் திரிந்து” என்று படிக்கும்போது வெளியே நின்று வேடிக்கை பார்க்க இடம் இல்லை. கிறிஸ்தவ விளக்கம் முழுவதும் அந்த ‘நம்’முக்குள் அடங்கியிருக்கிறது.

எழும் கேள்விகள்

நற்செய்தி எழுதியவர்களுக்குப் பழைய நூல்கள் மனப்பாடம். அவர்களே அவற்றுக்கு ஏற்பக் கதையை அமைத்திருக்கலாமே? நியாயமான கேள்வி. சொல்லும் விதத்தில் அந்த நூல்களின் சாயல் ஏறியிருக்கிறது என்பதை நம்பிக்கையுள்ள ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அச்சாணியான நிகழ்ச்சி, சிலுவைச் சாவு, யாரும் விரும்பிப் புனையக்கூடியதல்ல. மேசியா என்று ஒருவரை முன்னிறுத்த நினைப்பவர், எல்லோருக்கும் அருவருப்பான தண்டனையை அவர் கழுத்தில் கட்டுவாரா? யூதருக்கு இடறல், கிரேக்கருக்குப் பைத்தியம் என்று பவுலே எழுதுகிறார். முதலில் அந்தச் சாவு அவர்களைத் தாக்கியது. பிறகுதான் வேதத்தில் அதற்குச் சொல் தேடினார்கள்.

இதனால்தான், ‘முந்நூறு தீர்க்கதரிசனங்கள் நிறைவேறின, இது தற்செயலாக நடக்க இத்தனை கோடியில் ஒரு வாய்ப்பு’ என்ற கணக்குகள் எனக்கு உவப்பாக இல்லை. ஓசியாவின் வரியையும் சங்கீதத்தின் கதறலையும் பெத்லகேமிலிருந்து ஆளுபவர் வருவார் என்ற மீகாவின் வாக்கையும் ஒரே தராசில் போட்டு எண்ணினால், ஒவ்வொன்றும் எப்படிப் பேசுகிறது என்பது தொலைந்துபோகிறது.

அடுத்த கேள்வி இதைவிட ஆழமானது: ஒருவர் செத்தால் இன்னொருவருக்கு எப்படி மீட்பு? திருச்சபை இதற்கு ஒரே ஒரு கோட்பாட்டை எல்லோருக்கும் விதிக்கவில்லை. 381இல் வடிவம் பெற்ற நிசேயா விசுவாச அறிக்கை, ‘நமக்காக’ சிலுவையில் அறையப்பட்டார் என்று மட்டும் சொல்லி நிற்கிறது. அடிமையை விடுவிக்கக் கொடுக்கும் மீட்புப்பொருள் என்றார் இயேசு. சாவின் கோட்டைக்குள் நுழைந்து அதை உடைத்த வெற்றி என்று ஆதிச் சபையினர் பாடினார்கள். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறையியலாளர் அன்செல்ம், கடவுளுக்குரிய மாண்பை மனிதர் கெடுத்தார்கள், ஈடு செய்ய வேண்டியவர் மனிதர், செய்ய முடிந்தவர் கடவுள், ஆகவே இரண்டுமாக இருப்பவர் வந்தார் என்று வாதாடினார். 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள் நீதிமன்றத்தின் மொழியில், நமக்குரிய தண்டனையை அவர் ஏற்றார் என்றார்கள். 12ஆம் நூற்றாண்டு இறையியலாளர் அபேலார்ட் அந்தச் சாவை அன்பின் உச்சமாகக் கண்டார். அதைக் காணும் உள்ளம் மாறுகிறது என்றார். இவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வீசினால் ஏதோ குறைகிறது.

கோபக்காரத் தந்தை குற்றமற்ற மகனை அடித்துத் தீர்த்தார் என்ற சித்திரம் மட்டும் இவற்றில் எதுவும் அல்ல. ‘ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே கொடுக்கிறேன்’ என்று தம் உயிரைப் பற்றி இயேசு சொன்னார். தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்தே உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று பவுல் எழுதினார். அடிவாங்குபவர் வேறு, மன்னிப்பவர் வேறு என்று இரண்டாகப் பிரித்தால் கிறிஸ்தவ நம்பிக்கையே உடைந்துபோகும். அதுபோலவே, இந்தச் சாவுக்காக யூத மக்கள்மேல் நூற்றாண்டுகளாகப் பழி சுமத்தியது பெருங்கொடுமை. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தப் பழியை வெளிப்படையாக நிராகரித்தது. ‘நம்முடைய மீறுதல்கள்’ என்று வாய்விட்டுப் படித்தவர்கள் வேறொருவரைச் சுட்டிக்காட்டியது எப்படி என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

பலி ஒருமுறை நடந்து முடிந்துவிட்டது என்பதை எபிரெயர் நிருபம் திரும்பத் திரும்ப அழுத்துகிறது. ஆண்டுதோறும் ஆசாரியர் திரைக்குள் போக வேண்டியிருந்ததே காளை, வெள்ளாட்டுக்கடாவின் இரத்தம் பாவத்தைத் தீர்க்காது என்பதற்கு அடையாளம்; இவரோ ‘ஒரேதரம்’ நுழைந்தார். அதனால் கிறிஸ்தவ வழிபாட்டில் ஆடு வெட்டுவதில்லை. அப்பமும் திராட்சரசமும் இருக்கின்றன. கடைசி இராப்போஜனத்தில் கிண்ணத்தை எடுத்து, இது என் இரத்தத்தினாலான புதிய உடன்படிக்கை என்றார் இயேசு. எரேமியா 31இல் வாக்களிக்கப்பட்ட, இருதயத்தில் எழுதப்படும் உடன்படிக்கை அது. பெரிய வெள்ளியன்று கத்தோலிக்க வழிபாட்டில் முதல் வாசகமாக ஏசாயா 53 இன்றும் படிக்கப்படுகிறது.

அந்த எத்தியோப்பிய அதிகாரியைப் பற்றி ஒன்று மிச்சமிருக்கிறது. தமிழில் பழைய மொழிபெயர்ப்பு அவரை ‘மந்திரி’ என்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்கு ‘அண்ணகன்’ என்று பொருள், விதை நீக்கப்பட்டவர். அப்படிப்பட்டவர் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்கிறது உபாகமம் 23. அவ்வளவு தூரம் பயணம் செய்து எருசலேமுக்கு வந்தும், அந்த விதி அவர் முன்னால் நின்றிருக்கும். பிலிப்பு அந்த வேதவாக்கியத்தில் தொடங்கி இயேசுவைப் பற்றிச் சொன்னார். வழியில் தண்ணீரைக் கண்டதும், நான் ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று அதிகாரி கேட்டார். தடை என்ற சொல் அவர் வாயில் வந்தது இயல்புதான். இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். பிறகு பிலிப்பு போய்விட்டார். அதிகாரி சந்தோஷத்தோடு தம் வழியே போனார்.

கையில் இருந்த சுருளை அவர் தொடர்ந்து விரித்திருந்தால், மூன்றே அதிகாரம் தள்ளி, 56இல், அந்நியரையும் அண்ணகரையும் பெயர் சொல்லி அழைக்கும் வரிகளுக்கு வந்திருப்பார். அண்ணகன், இதோ, நான் பட்டமரம் என்று சொல்லாதிருக்கட்டும். என் ஆலயத்திலும் என் மதில்களுக்குள்ளும் குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரியதைவிட உத்தமமான இடத்தை அவர்களுக்குக் கொடுப்பேன். அழியாத பெயரை அருளுவேன்.